கடலோரத்தில் உயர் வலிமை கான்கிரீட்: ஊற்றும் இடம் வரை ஸ்லம்பைக் காப்பாற்றும் வழி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கடற்கரையில் எங்காவது எம் 60, எம் 70 (எண் கூடினால் வலிமை கூடும்) கான்கிரீட் போடும் வேலைக்கு முதல்முறையாக வந்திருக்கிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. எம் 25, எம் 30 ஊற்றிப் பழகிய கையோடு இந்தக் கலவைக்குள் இறங்கினால் முதல் வண்டியிலேயே திணறிப்போவீர்கள். கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டில் பார்க்கும்போது அருமையாக ஓடும், சைட்டுக்கு வந்து டிரம்மைத் திருப்பினால் கட்டியாக நிற்கும், பம்ப்காரர் கத்துவார், மேஸ்திரி தண்ணீர் டியூபைத் தூக்கிக்கொண்டு வருவார். நானும் இந்தக் கரையில் இதோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். அப்போது யாராவது இதை வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தால் எவ்வளவோ சிமென்டும் எவ்வளவோ தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். குழாய் வாயிலிருந்து சென்ட்ரிங்குக்குள் விழும் நிமிடத்தில் கான்கிரீட்டின் ஸ்லம்ப் (கூம்பில் நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் எத்தனை மி.மீ. உட்கார்கிறது என்ற ஓட்ட அளவு) என்ன? அந்த எண் மட்டும்தான் உங்களுக்கு வேண்டியது. பிளான்ட்டில் எவ்வளவு வைக்க வேண்டும், எந்த மருந்து (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை ஓடவைக்கும் அட்மிக்சர்), எந்த மணி, எத்தனை வண்டி என்ற எல்லாமே அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்குதான்.

1. எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று எழுதி வையுங்கள்

"நல்லா ஓடணும்" என்று பிளான்ட்டுக்குச் சொல்லாதீர்கள், அதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் இருக்கும். எண்ணாகச் சொல்லுங்கள். பைல் கேப் (நிலத்துக்குள் இறங்கும் பைல் தூண்களின் தலையை இணைக்கும் கட்டை), கனமான அடித்தளம் மாதிரி இடங்களுக்குப் பம்ப்பில் போக 120 முதல் 150 மி.மீ. ஸ்லம்ப் போதும். டிரெமி குழாயில் (அடிவரை இறங்கும் நீளக் குழாய்) பைல் ஊற்ற 150 முதல் 200 வேண்டும். கம்பி நெருக்கமாக இருக்கும் கர்டர், வைப்ரேட்டர் ஊசி இறங்காத இடம் என்றால்தான் தானாகவே பரவி நிறையும் கான்கிரீட் தேவைப்படும். அதற்கு ஸ்லம்பைப் பார்க்காமல் பரவும் விட்டத்தைப் பார்ப்பார்கள்: 550 முதல் 650 மி.மீ. ஒரு வகை, 660 முதல் 750 அடுத்த வகை, அதற்கு மேல் 850 வரை இன்னொன்று. தேவையில்லாத இடத்தில் 700 கேட்காதீர்கள். ஓட்டம் கூடக்கூட மருந்து கூடும், கல்லும் சாந்தும் பிரியும் ஆபத்து கூடும், பலகை மீது அழுத்தமும் கூடும்.

ஓட்டத்தில் இரண்டு குணம் இருப்பதையும் இங்கேயே புரிந்துகொள்ளுங்கள். கலவை நகரத் தொடங்க எவ்வளவு தள்ள வேண்டும் என்பது ஒன்று. நகர ஆரம்பித்த பிறகு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இன்னொன்று. ஸ்லம்ப் கூம்பு முதல் குணத்தைத்தான் காட்டும். தண்ணீர் குறைந்த உயர் வலிமைக் கலவை 200 மி.மீ. ஸ்லம்ப் காட்டிக்கொண்டே கருப்பட்டிப் பாகு மாதிரி இழுக்கும், பம்ப் அழுத்தம் எகிறும், கம்பிக்கு இடையே நுழையவே யோசிக்கும். அதனால் ஸ்லம்ப் 200ஐத் தாண்டினால் கூம்பு அளவை நம்பாமல், பரவல் விட்டத்தையும் 500 மி.மீ. வட்டத்தை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இழுவையாக இருந்தால் மருந்தைக் கூட்டுவதால் பெரிய பயன் இருக்காது. பொடிகளின் (சிமென்ட்டும் அதோடு சேரும் நுண்தூள்களும்) விகிதத்தை மாற்ற வேண்டும்: நல்ல பறக்கும் சாம்பல் (அனல்மின் நிலையச் சாம்பல்) கொஞ்சம் கூடுதல், சிலிகா பியூம் (மிக நுண்ணிய சிலிகா தூள்) அளவாக, ஜல்லியின் வடிவம் சரியாக.

2. தண்ணீரை முதலில் தீர்த்துவிடுங்கள்

நம் மாவட்டத்தில் கட்டடம் கட்டும் எவருக்கும் தெரியும், நல்ல தண்ணீர் விலை கொடுத்து வாங்கும் பொருள். கரையோரத்தில் போர் போட்டால் பெரும்பாலும் உப்புதான் வரும். உப்புத் தண்ணீர் கம்பியைத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது ஸ்லம்பையும் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. குளோரைடு சிமென்ட் இறுகுவதை வேகப்படுத்தும், ஆகவே ஒரே மருந்து, ஒரே சிமென்ட், ஒரே தூரம் இருந்தும் ஒரு லோடு தண்ணீர் மாறியதால் மட்டும் ஸ்லம்ப் சீக்கிரம் விழலாம். காரணம் தெரியாமல் எல்லோரும் மருந்துக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்லும் வரம்பு: கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், சல்பேட் 400க்குள், பி.எச். 6க்குக் குறையக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு குளோரைடு 2000 வரை அனுமதி உண்டு, அந்த எண்ணைக் காட்டி யாராவது "ஓகே" என்றால் ஏமாறாதீர்கள். இது தண்ணீருக்கான வரம்பு மட்டுமே. கலவையில் எல்லாப் பொருளிலிருந்தும் வந்து சேரும் குளோரைடுக்கும் வரம்பு இருக்கிறது: கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோ, முன்னழுத்தக் கான்கிரீட்டில் (கம்பியை இழுத்துக் கட்டி அழுத்தம் ஏற்றியது) 0.4 கிலோ. கன மீட்டருக்கு 150 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2000 மில்லிகிராம் என்றால் தண்ணீர் ஒன்றே 0.3 கிலோவைக் கொண்டுவந்துவிடும். மணலுக்கும் மருந்துக்கும் அப்புறம் என்ன மிஞ்சும்?

லாரித் தண்ணீரில் இருக்கும் சிக்கல், நேற்று வந்த கிணற்றிலிருந்தே இன்றும் வரும் என்று சொல்ல முடியாது. எனவே இப்படிச் செய்யுங்கள். எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கிறார்களோ அந்தத் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை முழுமையாகச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். அதே நாளில் அதே தண்ணீரில் கையடக்க டி.டி.எஸ். மீட்டரை (கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) முக்கி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு லாரியிலும் மீட்டரை முக்குங்கள். எண் பெரிதாக மாறினால் தொட்டியில் இறக்க விடாதீர்கள். மீட்டர் குளோரைடைத் தனியாகக் காட்டாது, ஆனால் கிணறு மாறிவிட்டதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு பொறி: ஜல்லியைக் குளிரவைக்கத் தெளிக்கும் தண்ணீர். கலவைக்கு நல்ல தண்ணீரும் ஜல்லிக் குவியலுக்குப் போர் தண்ணீரும் என்று பிரித்து வைத்திருக்கும் பிளான்ட் உண்டு. ஜல்லியில் ஏறிய உப்பும் கலவைக்குத்தான் போகும். இரண்டுக்கும் ஒரே நல்ல தண்ணீர்தான் என்பதை வாங்கும் ஆணையிலேயே எழுதுங்கள்.

3. மணலின் ஈரம்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். சாதாரண கான்கிரீட்டில் பத்து லிட்டர் தண்ணீர் முன்னே பின்னே போனால் கலவை பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

ஒரு கணக்கு போடுவோம். கன மீட்டருக்குச் சிமென்ட்டும் மற்றப் பொடிகளும் சேர்த்து 500 கிலோ, தண்ணீர் 150 லிட்டர். விகிதம் 0.30. மணல் 700 கிலோ என்று வையுங்கள். மணலின் ஈரத்தை 3 சதவீதம் என்று பிளான்ட் கணினியில் போட்டிருக்கிறார்கள், உண்மையில் 5 சதவீதம் இருக்கிறது. கூடுதலாக 14 லிட்டர் உள்ளே போய்விட்டது. விகிதம் 0.328 ஆகிவிட்டது, வலிமையும் போச்சு, மருந்து அதே அளவில் இருப்பதால் கலவை பிரியவும் தொடங்கும். தலைகீழாக, வெயிலில் காய்ந்த மணலுக்கு 5 என்று போட்டிருந்தால் 14 லிட்டர் குறைந்து, சைட்டுக்கு வருவது கல்லாக இருக்கும்.

இதனால்தான் ஊற்றும் நாளில் காலை, மதியம், மாலை என்று மணலின் ஈரத்தை வறுத்துப் பார்த்து அளக்க வேண்டும் என்று அடம்பிடிக்கச் சொல்கிறேன். ஒரு கேஸ் அடுப்பு, ஓர் இரும்புச் சட்டி, ஒரு தராசு போதும். குவியலின் மேல்பகுதி காய்ந்தும் அடிப்பகுதி ஊறியும் இருக்கும், இரண்டிலிருந்தும் மாதிரி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் மாறிவிடும். அந்த மாதங்களில் குவியலுக்குக் கூரை இல்லாத பிளான்ட்டில் எம் 60 ஊற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஜல்லியும் எம் சாண்டும் தண்ணீரை உள்ளே உறிஞ்சும் குணமுடையவை. காய்ந்த முக்கால் ஜல்லி, அரை ஜல்லி கலவையில் விழுந்தால் வழியெல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வரும். முந்தின நாள் சாயங்காலமே தெளித்து ஊறவைத்துவிட்டு, மேல்தண்ணீர் வடிந்த பிறகு பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும்.

எம் சாண்ட் வாங்கும்போது கழுவிய சரக்குதானா, தூள் எவ்வளவு என்று பாருங்கள். தூளில் களிமண் இருந்தால் பாலிகார்பாக்சிலேட் வகை மருந்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு ஊற்றினாலும் ஸ்லம்ப் நிற்காது. கல்தூள் வேறு, களிமண் வேறு. கையில் தேய்த்தால் மஞ்சளாகப் பிசுக்கென்று ஒட்டும் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். கிரஷரிலிருந்து "டஸ்ட்" என்று மலிவாக வருவது எம் சாண்ட் ஆகாது. கடல்மணலை யாராவது கலந்துவிட்டால் சிப்பித் துண்டுகள் காட்டிக்கொடுக்கும், அதற்குப் பேச்சே வேண்டாம், வெளியே அனுப்புங்கள்.

4. மருந்தும் சிமென்ட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

பெயர்பெற்ற சிமென்ட், பெயர்பெற்ற மருந்து, இரண்டையும் சேர்த்தால் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சிமென்ட்டில் உள்ள அலுமினேட், ஜிப்சம், அரைத்த நைசு எல்லாம் இதில் விளையாடும். ஒரே கம்பெனியின் வேறு ஆலையிலிருந்து மூட்டை வந்தாலும் நடத்தை மாறும்.

இதைக் கண்டுபிடிக்க மார்ஷ் கூம்புச் சோதனை இருக்கிறது, செலவு கம்மி, அரை நாள் வேலை. உங்கள் சிமென்ட், சாம்பல், சிலிகா பியூம் எல்லாவற்றையும் உண்மையான விகிதத்தில் தண்ணீரோடு கலந்து கூழாக்கி, மருந்தை 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போய், ஒரு லிட்டர் கூழ் வடிய எத்தனை விநாடி என்று குறியுங்கள். ஓர் அளவுக்கு மேல் மருந்து கூட்டினாலும் நேரம் குறையாது, அதுதான் நிறைவுப் புள்ளி. அதைத் தாண்டி ஊற்றும் மருந்து வீண் மட்டும் இல்லை, கலவையைப் பிரித்துவிடும், இறுகுவதையும் தள்ளிப்போடும். அதே கூழை ஒரு மணி நேரம் வைத்திருந்து மறுபடி வடித்துப் பாருங்கள். முதலில் 40 விநாடி, ஒரு மணி நேரத்தில் 50 என்றால் நல்ல ஜோடி. வடியவே மறுத்தால் ஜோடியை மாற்றுங்கள். சோதனைக்கு ஏ.சி. அறைத் தண்ணீரை எடுக்காமல் உங்கள் தொட்டியில் உள்ள சூட்டிலேயே எடுங்கள், இது முக்கியம்.

நாப்தலீன் வகை மருந்து விலை குறைவு, ஆனால் 0.30 போன்ற விகிதத்தில், இந்த வெயிலில், ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அது தாங்காது என்பது என் தீர்ப்பு. பாலிகார்பாக்சிலேட் வகையில் ஸ்லம்பை நீடித்து வைத்திருக்கவென்றே தயாரித்தது இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வகையையும் ஒரே கலவையில் சேர்க்கவே கூடாது. ஒரு வகை இருந்த பீப்பாயைக் கழுவாமல் இன்னொன்றை ஊற்றினாலே கோளாறு வரும்.

5. லேப் டிரையல், அப்புறம் ரோட்டில் டிரையல்

லேப்பில் ஸ்லம்பை ஒரே தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. கலந்தவுடன், 30, 60, 90, 120 நிமிடம் என்று ஐந்து முறை அளக்கச் சொல்லுங்கள், கலவையின் சூட்டையும் ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்லுங்கள். இந்த ஐந்து எண்தான் உங்கள் கையில் இருக்க வேண்டிய உண்மையான மிக்ஸ் டிசைன்.

லேப்பில் சரியான பிறகு முழு வண்டி டிரையல். நான்கைந்து கன மீட்டர் ஏற்றி, உண்மையான பாதையில், உண்மையான நேரத்தில் சைட் வரை ஓட்டிப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், சுமையோடு டி.எம். (டிரம் சுழலும் கான்கிரீட் வண்டி) மணிக்கு 30, 35 போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஐ.எஸ். 4926 படி ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும், இறுகலைத் தள்ளிப்போடும் மருந்து இருந்தால் கூடுதல் நேரம் தரலாம். ஆக பாம்பனைத் தாண்டி வேலை என்றால் உங்களுக்குக் கையில் மிஞ்சுவது அரை மணி நேரம்கூட இல்லை. பெரிய அளவு வேலை என்றால் தீவுக்குள்ளேயே ஒரு சின்ன பேட்சிங் பிளான்ட் போட முடியுமா என்று பாருங்கள், கணக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

சனி, ஞாயிறில் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்ப்பவர்களால் நெரிசல் வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களிலும் அதற்கு முந்தின நாளும் தீவுக்குள் டி.எம். ஓட்டும் திட்டமே வேண்டாம். காலண்டரைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

இந்த டிரையல் வண்டிச் சரக்கை வீணாக்க வேண்டாம், தற்காலிகத் தரை, தடுப்புக் கட்டை என்று எதற்காவது அச்சு தயாராக வைத்திருங்கள்.

6. காகிதங்களும் கால அளவும்

ஊற்றும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு தொடங்குங்கள். 28 நாள் கியூபை (வலிமை பார்க்க வார்க்கும் கனசதுரக் கட்டி) யாராலும் சுருக்க முடியாது. பொருள் தேடிச் சோதிக்க ஒன்றிரண்டு வாரம், டிரையல் வார்த்து 28 நாள், அறிக்கை வந்து ஒப்புதல் கையெழுத்தாக இன்னும் ஒரு வாரம் பத்து நாள். 7 நாள் வலிமை நன்றாக இருந்தால் வண்டி டிரையலை இடையிலேயே முடித்துக்கொள்ளலாம், அதில் நேரம் மிச்சமாகும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: சிமென்ட் ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட், அந்த வாரத்துக்கு உரியது. மருந்தின் சர்டிபிகேட், அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி, ஒப்படர்த்தி, குளோரைடு அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு உரிய தரம் ஐ.எஸ். 9103. பறக்கும் சாம்பலுக்கு ஐ.எஸ். 3812, சிலிகா பியூமுக்கு ஐ.எஸ். 15388, ஜல்லி மணலுக்கு ஐ.எஸ். 383. தண்ணீர் அறிக்கை. மிக்ஸ் டிசைன் ஐ.எஸ். 10262 இன் 2019 பதிப்புப்படி. பேட்சிங் பிளான்ட்டின் தராசு அளவுத்திருத்தச் சான்று. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். தண்ணீர் மீட்டரும் மருந்துத் தராசும் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல சான்றுகளில் ஜல்லி, சிமென்ட் தராசு மட்டும்தான் இருக்கும்.

கடல்காற்று நேரடியாகப் படும் இடம், கடல்நீர்ச் சாரல் படும் இடம், அலை ஏறி இறங்கும் இடம் என்று ஐ.எஸ். 456 வகைபிரித்திருக்கிறது. அலை ஏறி இறங்கும் இடத்துக்குத் தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.40ஐத் தாண்டக் கூடாது, சிமென்ட் குறைந்தது 360 கிலோ. மறுபக்கம், சாம்பலையும் இரும்பு ஆலைக் கசடையும் கணக்கில் சேர்க்காமல் சிமென்ட் மட்டும் 450 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. உயர் வலிமைக் கலவையில் சாம்பல், கசடுத்தூள் வருவதற்கு இது ஒரு காரணம். அது ஓட்டத்துக்கும் நல்லது, உப்பு உள்ளே ஊடுருவாமல் தடுக்கவும் நல்லது.

7. வெயில், ஐஸ், காற்று

பங்குனி முதல் ஆனி வரை நம் ஊரில் பகலில் ஊற்றாதீர்கள். மாலை ஆறு, ஏழு மணிக்குத் தொடங்கி விடிவதற்குள் முடிக்கும்படி வையுங்கள். ஒப்பந்தத்தில் கான்கிரீட்டின் சூடு எத்தனை டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். ஆலையிலிருந்து நேராக வந்த சிமென்ட் 70 டிகிரி சூட்டில் இருக்கும், அதை அன்றே பயன்படுத்தினால் மருந்தின் வேலை தாறுமாறாகும். சைலோவில் சில நாள் ஆறட்டும்.

ஐஸ் நம் கரையில் கிடைக்கும் வசதி, மீன்பிடித் தொழிலுக்காக ஐஸ் பிளான்ட்டுகள் இருக்கின்றன. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம், அப்போது பல பிளான்ட்டுகள் உற்பத்தியைக் குறைத்துவிடும். நமக்கு ஐஸ் அதிகம் தேவைப்படும் நாட்களும் அவைதான். முன்கூட்டியே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள்.

கன மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ ஐஸ் போட்டால் ஒரு டிகிரி இறங்கும். 40 கிலோ போட்டால் ஆறேழு டிகிரி. போடும் ஐஸின் எடையைத் தண்ணீரிலிருந்து கழித்தே ஆக வேண்டும், அதை நொறுக்கித்தான் போட வேண்டும், இறக்கும்போது ஒரு துண்டுகூட உருகாமல் இருக்கக் கூடாது. அப்புறம் இதைக் கவனியுங்கள்: பார் ஐஸ் உறையவைப்பது உப்புக் கரைசல் தொட்டிக்குள் இறக்கிய தகரப் பெட்டிகளில். பெட்டி ஒழுகினால் ஐஸுக்குள் உப்பு வரும், ஒழுகாவிட்டாலும் மேலே படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு நொறுக்குங்கள், ஒரு துண்டை உருகவைத்து அந்தத் தண்ணீரிலும் மீட்டரை முக்குங்கள். அவர்கள் எந்தத் தண்ணீரில் உறையவைக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேறொரு தொல்லை. இந்தக் கலவையில் மேலே கசிந்து வரும் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, காற்று மேல்பரப்பை உலர்த்தினால் அரை மணி நேரத்தில் முடி போன்ற மெல்லிய வெடிப்பு ஓடும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள், பரப்பி மட்டம் செய்த கையோடு பாலித்தீன் தாள் மூடுங்கள், மூடுபனி மாதிரி தூவும் ஸ்ப்ரேயர் ஒன்று கையில் இருக்கட்டும். மேல்பரப்பு இறுக்கமாக இருக்கிறது என்று மேஸ்திரி தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பிப்பார், மரியாதையாகச் சொல்லி நிறுத்துங்கள்.

8. ஊற்றும் நாள், பிளான்ட்டில்

உங்கள் ஆள் ஒருவர் பிளான்ட்டில் இருக்க வேண்டும். வண்டி ஏற்றுவதற்கு முன் டிரம்மை எதிர்ப்பக்கம் சுற்றிக் கழுவின தண்ணீரை முழுக்க வெளியேற்றினார்களா என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். டிரம்முக்குள் 50, 100 லிட்டர் தங்கியிருப்பது சகஜம், ஓட்டுநர்கள் மறந்துவிடுவார்கள்.

கலக்கும் நேரத்தைக் குறைக்க விடாதீர்கள். பாலிகார்பாக்சிலேட் மருந்து முழுவதும் வேலை செய்ய நேரம் எடுக்கும், தண்ணீர் குறைந்த கலவையில் இன்னும் கூடுதல். பாதி கலந்த நிலையில் கட்டியாகத் தெரிகிறதே என்று ஆபரேட்டர் மருந்தோ தண்ணீரோ கூட்டிவிட்டால், வண்டி போகப் போக ஸ்லம்ப் ஏறி, சைட்டில் இறங்கும்போது சாந்து தனியே கல் தனியே வரும். ஒவ்வொரு வண்டியின் பேட்ச் ஷீட்டையும் படம் எடுத்து உடனே சைட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் பார்க்க வேண்டியது தண்ணீர், மருந்து, ஈரத் திருத்தம், ஏற்றிய நேரம்.

9. சைட் வாசலில்

வண்டி வந்ததும் டிரம்மை ஒரு நிமிடம் வேகமாகச் சுற்றவிட்டு, முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு மாதிரி எடுங்கள். கூம்புத் தட்டு மட்டமாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பரவலைச் செங்குத்தாக இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். நடுவில் கல் குவிந்து, ஓரத்தில் தண்ணீர் வளையம் தெரிந்தால் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். ஸ்லம்புக்கு ஐ.எஸ். 4926 தரும் சலுகை, கேட்ட அளவிலிருந்து 25 மி.மீ. கூடவோ குறையவோ.

ஸ்லம்ப் குறைவாக வந்தால் வழி ஒன்றுதான்: அதே மருந்து, அளந்து, கொஞ்சமாக. பொடிகளின் எடையில் 0.1 சதவீதம் என்று தொடங்குங்கள். 6 கன மீட்டர் வண்டியில் 3000 கிலோ பொடி, ஆக 3 கிலோ மருந்து. டிரம்மை எதிர்ப்பக்கம் சுற்றிக் கான்கிரீட்டை வாய்க்கு அருகே கொண்டுவந்து அதன் மேல் படும்படி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மருந்து பிளேடிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு முழு வேகத்தில் குறைந்தது ஐந்து நிமிடம், ஆறு கன மீட்டர் என்றால் ஆறு நிமிடம். மறுபடி அளங்கள். மருந்தின் மொத்த அளவு கம்பெனி சொன்ன உச்சத்தைத் தாண்டக் கூடாது. மருந்துக் கேன், தராசு, அளவுக் குவளை மூன்றும் முந்தின நாளே வாசலில் இருக்கட்டும்.

அதிகமாக ஓடினால் அவசரப்பட்டுச் சிமென்ட்டை அள்ளிக் கொட்டாதீர்கள். மெதுவாகச் சுற்றவிட்டுக் காத்திருங்கள், 15 நிமிடத்தில் இறங்கலாம். இறங்காமல் பிரிந்தே இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர் கூடாது. கன மீட்டருக்கு 20 லிட்டர் விட்டால் 0.30 என்பது 0.34 ஆகும், வலிமை கணிசமாக இறங்கும், உப்பு ஊடுருவ வழியும் திறக்கும். பம்ப் அருகே தண்ணீர் டியூபே இல்லாதபடி செய்துவிடுங்கள், கழுவுவதற்கான இணைப்பு வேறு மூலையில் இருக்கட்டும். மேஸ்திரி அண்ணன்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை, வேலை நின்றுவிடுமே என்ற பதற்றத்தில் செய்கிறார்கள். முந்தின நாள் உட்கார்ந்து பேசி, "கட்டியா வந்தா என்னைக் கூப்பிடுங்கண்ணே, ஏழே நிமிசத்துல சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்து காட்டினால் அவர்களே டியூபைத் தொட மாட்டார்கள்.

குழாய் வரிசையை ஈரச் சாக்கால் மூடுங்கள், வெயிலில் கிடந்த இரும்புக் குழாய் முதல் கான்கிரீட்டை அங்கேயே இறுக்கிவிடும். குழாயை வழுக்கவைக்க முதலில் விடும் சிமென்ட் கூழை வேலைக்குள் விடாமல் வெளியே பிடியுங்கள். குழாய் முனையிலும் ஒரு ஸ்லம்ப் எடுங்கள், வாசலில் 160 இருந்தது முனையில் 130 ஆகியிருக்கலாம். பலகை இடுக்குகளில் பஞ்சுப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும், ஓடும் கலவை ஊசி ஓட்டையிலும் ஒழுகித் தேன்கூட்டைப் (சாந்து போய்க் கல் மட்டும் நிற்கும் பொந்துகள்) பரிசாக விட்டுப்போகும். பரவல் 600க்கு மேல் என்றால் வைப்ரேட்டரைத் தொட்டு எடுத்தால் போதும்.

10. செலவு, ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

மருந்தில் மிச்சம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோ பொடிக்கு 0.2 சதவீதம் கூடுதல் மருந்து என்றால் ஒரு கிலோ, கன மீட்டருக்கு 150 ரூபாய், வண்டிக்கு 900. கான்கிரீட் கன மீட்டர் 9000 என்று வைத்தால் திருப்பி அனுப்பும் ஒரு வண்டி 54,000, அதோடு பம்ப் காத்திருப்பும் ஆட்கள் கூலியும். கியூப் தோற்றால் ஊற்றிய கான்கிரீட்டிலேயே கோர் (உருளைத் துண்டு) வெட்டிச் சோதிக்க வேண்டும். மூன்று கோரின் சராசரி கேட்ட வலிமையில் 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அந்த வாரங்களில் அடுத்த வேலை நிற்கும், பில்லும் நிற்கும்.

ஆர்டர் கொடுக்கும் முன் சப்ளையரிடம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: ஸ்லம்ப் அளவு சைட்டில் இறக்கும் இடத்தில்தான் பொருந்தும். வழியில் தாமதமானால் யார் பொறுப்பு, சைட்டில் தாமதமானால் எத்தனை நிமிடம் வரை காத்திருப்புக் கட்டணம் இல்லை. சைட்டில் கூட்டும் மருந்தின் செலவு யாருடையது, அதைச் சேர்க்கும் அதிகாரம் யாருக்கு. திருப்பும் வண்டியை எங்கே கொட்டுவது. கடலோரத்தில் கண்ட இடத்தில் கொட்ட முடியாது, கொட்டினால் ஊரும் சும்மா விடாது, நியாயமும் இல்லை. சிமென்ட்டோ மருந்தோ மாற்றினால் முன்கூட்டிச் சொல்லி மறுபடி டிரையல் செய்ய வேண்டும் என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும். மாற்றிவிட்டு "அதே தரம்தான் சார்" என்பார்கள், அரை மணி நேரத்தில் ஸ்லம்ப் உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொரு மருந்து பேட்சிலிருந்தும் ஒரு லிட்டரை மூடி முத்திரையிட்டு நிழலில் வைத்திருங்கள், சிமென்ட்டிலும் ஐந்து கிலோ காற்றுப் புகாமல். 28 நாள் கியூப் முடிவு வரும் வரை அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம்.